வாசம் இருக்கு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் சுகம்தானே? அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து என் மகளுக்குத் தரையில் கால் பாவவில்லை. மாமாவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்கிறாள்.

எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பும் தேறிவிட்டது. வாய்தான் இன்னும் சப்பென்று இருக்கிறது. எதைத் தின்றாலும் மண்ணைத் தின்ற மாதிரி. போன வாரம் மதியச் சாப்பாடு எதுவோ ஒத்துக்கொள்ளாமல் வயிறு படாதபாடு படுத்தியது. அதுவும் இப்போது சரியாகிவிட்டது. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்பாய். எங்கள் கம்பெனியில் போன் மேனேஜர் மேசையில் இருக்கிறது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என் வயிற்றைப் பற்றி நான் எப்படிப் பேசுவது?

இப்போது ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். காய்ச்சல் விட்டு நான் வேலைக்குப் போன பிறகு வந்த இரண்டு சின்ன டாங்கும் தீர்ந்து, எங்கள் சிலிண்டர் நிரப்பும் ஷெட் காய்ந்து கிடக்கிறது. காலி சிலிண்டரோடு வருகிற ஜனங்கள் வாசலில் நின்று எங்களைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். கப்பலில் வந்த எங்கள் கேஸ் டாங்க் உங்கள் துறைமுகத்தில்தான் நிற்கிறதாம். அதற்குச் சுங்க வரி நம்பர் போட்டு வெளியே விடுகிற நாற்காலியில் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான் என்று தராசுக்காரரிடம் வாய்விட்டுவிட்டேன். சிலிண்டரை எடைபார்த்து நிரப்புகிறவர் அவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்றிலிருந்து ஷெட்டில் எனக்கு ராஜ மரியாதை. "உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா" என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நினைவுபடுத்துகிறார்.

விதியை மீறச் சொல்லவில்லை. கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட முடிந்தால் தள்ளிவிடு. முடியாவிட்டால் வேண்டாம். அவளைக் கனமானது எதையும் தூக்க விடாதே.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே இருவரும் நலம். இருவரை மூவர் என்று எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. உன் தம்பி மனைவிக்கு இப்போது உன் மூக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்ந்தால் இவள் இங்கே ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறாள். எனக்கு உன் ஞாபகம்தான் வருகிறது. பள்ளிக்கூட வயதில் நான் திருட்டு சிகரெட் பிடித்துவிட்டு வாய் நிறைய ஏலக்காய் மென்றுகொண்டு வருவேன். நீ வாசலிலேயே மறித்து எத்தனை சிகரெட், எத்தனை ஏலக்காய் என்று கணக்குச் சொல்வாய். மோப்பக்காரி என்று நான் வைத்த பேர் கம்பெனி வரைக்கும் பரவி உனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. அத்தான் போன பிறகு அந்த மூக்கை வைத்துத்தானே நீ வீட்டையே நடத்துகிறாய்?

உன் டாங்க் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாவற்றையும் கேஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறீர்கள். எங்களுக்கு அப்படி இல்லை. சுங்கப் புத்தகத்தில் இருபத்தேழாம் அத்தியாயத்தில் புரோப்பேனுக்கு ஒரு நம்பர், பியூட்டேனுக்கு ஒரு நம்பர், இரண்டும் கலந்த சமையல் கேஸுக்கு இன்னொரு நம்பர். புரோப்பேனை எவ்வளவுதான் சுத்தமாக்கினாலும் அது அந்த அத்தியாயத்தை விட்டு நகராது. பியூட்டேன் அப்படி இல்லை. தொண்ணூற்றைந்து சதவீதம் சுத்தமாகிவிட்டால் பெட்டி படுக்கையோடு இருபத்தொன்பதாம் அத்தியாயத்துக்குக் குடிபோய்விடும். நீ புரோப்பேன், நான் பியூட்டேன் என்று இவளிடம் சொல்லிச் சிரித்தேன். ஊரை விட்டு ஓடிவந்ததற்கு இப்படி ஒரு காரணமா என்று கேட்கிறாள்.

விதிப்படி டாங்கிலிருந்து ஒரு இரும்புப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பது இன்னது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் நான் நம்பர் போட வேண்டும். லேபில் பாட்டில்கள் வரிசைகட்டி நிற்கின்றன, நம் முறை வர ஒரு மாதமாவது ஆகும். அதே கப்பலில் அதே ஆள் இரண்டு டாங்க் அனுப்பியிருக்கிறான். ஒன்று உங்களுடைய சமையல் கேஸ். மற்றது ஹேர்ஸ்ப்ரே செய்கிற கம்பெனிக்குப் போகிற சுத்தமான பியூட்டேன். டப்பாவிலிருந்து ஸ்ப்ரேயை வெளியே தள்ளுவது அதுதான். இரண்டு டாங்கும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அருகருகே நின்றன. காகிதத்தில் எந்த டாங்கில் என்ன என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பாட்டில் எடுக்காமலே இரண்டுக்கும் நம்பர் போட்டு அனுப்பிவிட்டேன்.

இதை யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. தராசுக்காரரிடம் மட்டும் சொல், ராஜ மரியாதை குறையக் கூடாது.

உன் தம்பி

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். டாங்க் வந்து சேர்ந்தது. ஷெட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. மேனேஜர்கூட என்னிடம் உன் நலத்தை விசாரித்தார் என்றால் பார்த்துக்கொள்.

வழக்கம்போல நான்தான் முகர்ந்து சொன்னேன். இந்தச் சடங்கை உனக்கு நான் விவரமாகச் சொன்னதே இல்லை. கேஸுக்குச் சொந்தமாக வாசம் கிடையாது. சமையலுக்கு வருவதில் மட்டும் அனுப்புகிற இடத்திலேயே ஒரு நாற்ற மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். எங்கேயாவது கசிந்தால் அழுகிய முட்டை மாதிரி நாறி ஆளை எழுப்ப வேண்டும் அல்லவா? புது டாங்க் வந்ததும் திறந்த வெளியில் தராசுக்காரர் ஸ்பேனரால் சின்ன வால்வைத் திருகுவார், நான் பக்கத்தில் நின்று முகர்வேன். "வாசம் இருக்கு" என்று நான் சொன்ன பிறகுதான் ஷெட்டுக்குள் குழாயை மாட்டுவார்கள். ஷெட்டுக்குள் போய்விட்டால் யாராலும் சொல்ல முடியாது. பல வருஷ நாற்றம் சுவரிலேயே ஊறிக்கிடக்கிறது, எங்கள் மூக்கெல்லாம் மரத்துப்போய்விட்டது.

அன்றைக்கும் அவர் வால்வைத் திருகினார், கழுத்துத் துண்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் சொன்னேன், குழாயை மாட்டினார்கள். பம்ப் கொஞ்சம் மந்தமாக இழுக்கிறது, குளிருக்கு அப்படித்தான் என்கிறார்கள். சிலிண்டர்கள் வீடுகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டன.

நீ செய்தது பெரிய உதவி. உன் மனைவிக்குப் பிடித்த ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று மகளை ருசிபார்க்கச் சொன்னேன். நல்லபடியாக இருங்கள்.

அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். குழந்தை அசைகிறதாம். எனக்குக் கையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். ஹேர்ஸ்ப்ரே கம்பெனி என்று எழுதினேனே, அவர்கள் போன வாரம் எங்கள் அலுவலகத்துக்குப் படையெடுத்து வந்துவிட்டார்கள். ரோஜா வாசனை என்று டப்பாவில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், அமுக்கினால் அழுகின முட்டை நாற்றம். முதலாளி அம்மாள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் மேலதிகாரியின் மேசையைப் பார்த்து ஒரு அமுக்கு அமுக்கினார். அதற்குப் பிறகு அந்த அறையில் விசாரணை நடத்த முடியவில்லை, எல்லோரும் வராந்தாவுக்கு வந்து நின்றுகொண்டோம். எங்கள் பியூன் இன்னும் அந்த அறைக்குள் போகமாட்டேன் என்கிறான்.

அனுப்பிய இடத்தில்தான் என்னவோ குளறுபடி என்று மேலதிகாரி சொல்லிக்கொண்டிருக்கிறார். நாற்ற மருந்து எப்படி அந்த டாங்குக்குள் போனது என்று யாருக்கும் புரியவில்லை. உன் மூக்கை வரவழைக்கலாம் என்று சொல்லத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்.

இன்னொரு செய்தி. மேல் பதவிக்கு என் பேரையும் எழுதி அனுப்பியிருக்கிறார்களாம். குழந்தை வருகிற நேரம் என்கிறாள் இவள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு கெட்டது நடந்துவிட்டது.

முந்தாநாள் மழை. சாரல் அடிக்கிறது என்று, நிரப்பிய சிலிண்டர்களை வைக்கிற அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தோம். மழை விட்ட பிறகு தராசுக்காரர் உள்ளே போய் மின்விசிறி சுவிட்சைப் போட்டிருக்கிறார். குப்பென்று ஒரு சத்தம். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்து வந்தார். சட்டைக் கை இல்லை, புருவம் இல்லை. "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். கைகளைப் பற்றி எதையும் சொல்ல மறுக்கிறார்கள்.

அவர் சட்டைப் பையில் ஒரு சிகரெட்டும் தீப்பெட்டியும் இருந்தன. அவர் சிகரெட்டை விட்டு ரொம்ப நாளாகிறது. கை பரபரத்தால் தொட்டுப் பார்த்துக்கொள்ள ஒன்றே ஒன்றை வைத்திருப்பார், ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போய்ப் பற்றவைத்திருக்கிறார், வேலை போனது போனதுதான், வைத்தியச் செலவுக்கும் கம்பெனி பொறுப்பில்லை என்கிறார். கசிந்திருந்தால் நாறியிருக்கும், யாருக்கும் நாறவில்லை, ஆகவே கசியவில்லை என்று அவர் கணக்கு. டாங்க் வந்தபோது வாசம் இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். இருந்தது என்று சொன்னேன். அதைச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள்.

அக்கா

மார்ச் 11

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. என் ஹேர்ஸ்ப்ரே கடிதம் உனக்கு வந்திருக்கும். இரண்டும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன.

நீ எழுதியதைப் படித்ததும் உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன். மேனேஜர் எடுத்தார். யார் பேசுவது என்று கேட்டார். வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். நீ முகர்ந்தாய் அல்லவா? நீயே உன் மூக்கால் முகர்ந்து வாசம் இருக்கு என்று சொன்னாய் அல்லவா? அப்படியென்றால் உங்களுக்கு வந்தது சமையல் கேஸ்தான், டாங்க் மாறவில்லை. ஸ்ப்ரே கம்பெனிக்கு வந்தது வேறு ஏதோ கோளாறு. நீ தவறாகச் சொல்ல மாட்டாய். உன் மூக்கு தப்பாது. இதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அந்த டாங்கில் நிரப்பிய சிலிண்டர்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன? உடனே பதில் போடு.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவி எப்படி இருக்கிறாள்? கால் வீங்குகிறது என்றால் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொல்.

பதில் தாமதமாகிவிட்டது. உன் ஹேர்ஸ்ப்ரே கடிதம் வந்த அன்றே மேனேஜரிடம் போனேன். இந்தத் தடவை வந்த வாஷர்கள் மட்டமானவை, அந்த டாங்கில் நிரப்பின சிலிண்டர் எல்லாவற்றையும் திரும்ப எடுக்காவிட்டால் இன்னொரு விபத்து நடக்கும், அப்போது யார் பையில் சிகரெட் தேடுவீர்கள் என்று கேட்டேன். நான் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. பயந்துவிட்டார். லாரியைக் கொடுத்தார். தெருத்தெருவாகப் போய் மாற்றினோம். சில வீடுகள் பூட்டியிருந்தன. அங்கே மறுபடி மறுபடி போனேன். ஆள் வந்து கதவைத் திறந்ததும் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிலிண்டரைத் தொட்டேன். ஒரு சமையலறையில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அந்த வீட்டில் குமிழி வந்தது.

எல்லாம் திரும்பி வந்துவிட்டன. வீடுகளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

தராசுக்காரரைப் போய்ப் பார்க்கிறேன். கைகள் இரண்டும் தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டிருக்கின்றன. அவர் மனைவி ஊட்டிவிடுகிறாள். விசாரணை இன்னும் முடியவில்லை, முடிவை எல்லோரும் இப்போதே பேசிக்கொள்கிறார்கள்.

நீ கேட்ட கேள்விக்கு அப்புறம் எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். இவளுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது, நீ சொன்னபடி செய்தாள்.

நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. இல்லாததே நல்லது என்று நினைக்கிறேன். சிலிண்டர்களைத் திரும்ப வாங்கிவிட்டாய், இனி யாருக்கும் ஆபத்தில்லை. இங்கேயும் ஸ்ப்ரே கம்பெனி விவகாரம் அடங்கிவிட்டது. அனுப்பியவனே புது டாங்க் தருகிறேன் என்று சொல்லிவிட்டான், மேலதிகாரி கோப்பைக் கட்டி வைத்துவிட்டார். அந்த இரண்டு டாங்குக்கும் பாட்டில் எடுத்தோமா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ அன்று சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். உன் மூக்கைச் சந்தேகப்பட உங்கள் ஊரில் ஆள் கிடையாது. நீ மாற்றிச் சொன்னால் டாங்க் எங்கிருந்து வந்தது, யார் நம்பர் போட்டது என்று நேராக என் மேசைக்குத்தான் வருவார்கள். பதவி வேண்டாம், போகட்டும். இந்த மாதத்தில் வேலை போனால் இவளையும் வயிற்றுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? நீ கேட்டதால்தானே அவசரப்பட்டேன் என்று எழுதி அடித்திருக்கிறேன், அடித்தது உனக்குத் தெரியும். அது நியாயமில்லை. நீ விதியை மீறச் சொல்லவில்லை.

தீக்காயத்துக்கு நல்ல களிம்பு ஒன்று இங்கே கிடைக்கிறது. வாங்கி அனுப்பியிருக்கிறேன். அவரிடம் கொடு.

உன் தம்பி

மே 6

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் மனைவி சுகமாக இருக்க வேண்டும். அவளுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

களிம்பு வந்தது. கொடுத்தேன். யார் அனுப்பியது என்று கேட்டார். என் தம்பி என்றேன். "முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பியிருக்காரே, பெரிய மனசும்மா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நான் முகரவில்லை. எனக்கு மூக்கு இல்லை. அந்தக் காய்ச்சலோடு அது போய்விட்டது. சோப்பு, மண்ணெண்ணெய், மகள் தலையில் வைக்கிற பூ எதுவும் தெரிவதில்லை. நாலு நாளில் வந்துவிடும் என்று இருந்தேன், வரவில்லை. வெளியே சொன்னால் என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? மோப்பக்காரிக்கு மூக்கு போய்விட்டது என்றால் ஷெட்டில் மிச்சம் என்ன வேலை, சிலிண்டர் உருட்டுவதா? மகள் படிப்பு இன்னும் பாதியில் இருக்கிறது. அதனால் மறைத்தேன், உன்னிடமும் மறைத்தேன். வாய் சப்பென்று இருக்கிறது என்று எழுதினேன், அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

எப்படிச் சமாளித்தேன் என்றால், வால்வைத் திருகும்போது தராசுக்காரர் முகத்தைப் பார்ப்பேன். நாறினால் அவர் துண்டால் மூக்கைப் பொத்துவார். அவர் பொத்தியதும் நான் வாசம் இருக்கு என்பேன். அன்றைக்கும் பொத்தினார். பழக்கத்தில் பொத்தியிருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன். அவர் துண்டைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை வைத்துத்தான் அவரையே குற்றவாளி ஆக்கினார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ என் மூக்கின் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தாய். அங்கே ஒன்றும் இல்லையடா.

நேற்று விசாரணையில் சொல்லிவிட்டேன். கேஸில் வாசம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, எனக்கு மூக்கு போய் மாதக்கணக்காகிறது, வாஷர் என்றதும் பொய், வாசம் இல்லாத கேஸ் என்று சந்தேகப்பட்டுத்தான் சிலிண்டர்களைத் திரும்ப எடுத்தேன் என்று சொன்னேன். அப்படிப்பட்ட கேஸ் எப்படி இங்கே வந்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். உன் பேரை எடுக்கவில்லை. அது உனக்காக நான் சொன்ன பொய், இனிமேல் என்னிடம் கேட்காதே. ஆனால் அவர்கள் என் வார்த்தையை நம்பத் தயாராக இல்லை. தன் வேலை போனால் போகட்டும் என்று கூட்டாளியைக் காப்பாற்றப் புளுகுகிறாள் என்கிறார்கள். டாங்கும் காலியாகித் துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டது. எனக்கு வேலை போய்விட்டது. அவருக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை.

அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதுகிறேன், வழக்கத்துக்காக.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, டாங்குகள் நிற்கிற துறைமுக யார்டுக்கு நடந்தே போனேன். உங்கள் காலி டாங்க் அங்கே அடுத்த கப்பலுக்காகக் காத்து நின்றது. காலி டாங்க் என்று சொன்னாலும் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். ஜனவரியில் எடுக்காத இரும்புப் பாட்டிலை இப்போது எடுத்தேன். வால்வைத் திறந்தபோது பக்கத்தில் நின்று முகர்ந்து பார்த்தேன். எனக்கு உன் மூக்கில் கால்வாசி கிடையாது, ஆனாலும் தெரிந்தது. ஒன்றுமே இல்லை. வெறும் காற்று மாதிரி இருந்தது.

லேபில் கெஞ்சி முறையை முன்னால் போட்டுக்கொண்டேன். அன்று கெஞ்சியிருந்தாலும் போட்டிருப்பார்கள். தொண்ணூற்றெட்டு சதவீதம் சுத்தமான பியூட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபத்தொன்பதாம் அத்தியாயம். கோப்பில் என் பழைய கையெழுத்துக்குக் கீழே சரியான நம்பரைப் போட்டேன். பாட்டில் எடுக்காமல் காகிதத்தை நம்பினேன், அதனால் இரண்டு டாங்கும் மாறிப் போயின என்று எழுதி மேலதிகாரி மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "தெரிஞ்சுதான் எழுதினியா? எடுத்துட்டுப் போ, நான் பாக்கல" என்றார். நான் எடுக்கவில்லை. அதே லேப் காகிதத்தின் நகல் உங்கள் விசாரணைக்கும் போயிருக்கிறது.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முடிவு வர நாளாகும், நல்ல முடிவாக இருக்காது. இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் உன்னிடம் வாயை மூடச் சொன்னதையும் சேர்த்து. அவள் திட்டவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு வாங்கிய துணிகளை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரலில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. நான் அப்படி எழுதக்கூடியவன் என்பது எனக்கு மறந்துபோகக் கூடாது. தராசுக்காரரிடம் களிம்பு அனுப்பியவன் யார் என்று சொல்லிவிடு. நான் நேரில் வந்து சொல்ல வேண்டும், முதலில் நீ சொல்.

தம்பி

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அவளுக்கு இதுதான் மாதம், தனியாக விடாதே. வலி எடுத்தால் எனக்குத் தந்தி கொடு, நான் வந்துவிடுகிறேன். எனக்குத்தான் இப்போது போக வேண்டிய வேலை எதுவும் இல்லையே.

உன் லேப் காகிதம் வந்த பிறகு விசாரணை திரும்பியது. சிகரெட் கதையை விட்டுவிட்டார்கள். வைத்தியச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது, வேலையும் அவருக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இடது கை ஓரளவு வரும் என்கிறார் டாக்டர். வலது கை ஸ்பேனர் பிடிக்காது.

நேற்று மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி துணி துவைக்கப் போயிருந்தாள். களிம்பு அனுப்பியவன் யார் என்று சொன்னேன். பிறகு என்னைப் பற்றிச் சொன்னேன், அவர் துண்டைப் பார்த்துத்தான் நான் இத்தனை நாளும் பிழைத்தேன் என்று. கோபப்படுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கட்டுப்போட்ட கைகளை மடியில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்மா. காய்ச்சல் முடிஞ்சு வந்த வாரம் உன் டப்பாவுல சாப்பாடு கெட்டுப்போயிருந்துச்சு. ஷெட்டே முகத்தைச் சுளிச்சுது, நீ பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டிருந்தே. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. உனக்குத் தெரியணும்னுதான் துண்டை எடுத்து எடுத்துப் பொத்துனேன். முன்னாடி நான் எப்பம்மா மூக்கைப் பொத்தியிருக்கேன்?"

யோசித்துப் பார்த்தேன். காய்ச்சலுக்கு முன்னால் அவர் பொத்தி நான் பார்த்ததே இல்லை. அவர் எனக்காக ஆரம்பித்த சைகை அது. நான்தான் அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த டாங்க் வந்த அன்னைக்கு எனக்குப் பயங்கர ஜலதோஷம். மூக்கு கல்லு மாதிரி அடைச்சிருந்துச்சு. ஒண்ணும் தெரியலைன்னு சொன்னா மேனேஜர் உன்னைத்தான் நல்லா முகரச் சொல்லுவார், நீ மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன். எப்பவும் நாறுறதுதானேன்னு துண்டைத் தூக்கிட்டேன். விசாரணையில இதைச் சொன்னா உன் மூக்கு வெளிய வந்துடும்மா. அதான் சொல்லல" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அந்தக் கைகளை வைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், தம்பி.

எனக்கு அழுகைகூட வரவில்லை. வந்த காரியத்தைப் பார்க்கலாம் என்று டப்பாவைத் திறந்து அவருக்கு ஊட்டப் போனேன். அவர் வாயைத் திறக்கவில்லை. குனிந்து, டப்பாவுக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய் நன்றாக முகர்ந்து பார்த்தார்.

"கெட்டுப்போகல. முதல்ல நீ சாப்பிடும்மா" என்றார்.

சாப்பிட்டேன். என்ன ருசி என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். பிள்ளை பிறந்ததும் அவரைப் பார்க்க வா. நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன்.

அக்கா